பருவ நிறைவும் ஸ்நாக்ஸ் டப்பாவும்: தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, பேச்சுப் போட்டி எல்லாமே சிறப்பாக நடந்தன. வெளிப் போட்டிகளுக்குப் போன மாணவர்கள் பரிசுகளோடு திரும்பினார்கள். தேர்வு முடிவுகளும் திருப்தி தருகின்றன. உழைத்த ஆசிரியர்களுக்கும் ஒத்துழைத்த உங்களுக்கும் நன்றி.

இனி, கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். இடைவேளையில் குழந்தைகள் திறக்கும் ஸ்நாக்ஸ் டப்பாவைப் பற்றியது அது.

பழம், காய், பயறு வகைகளைக் கொடுத்தனுப்புங்கள், பாக்கெட் தீனியைக் குறையுங்கள் என்று பருவத் தொடக்கத்தில் கேட்டிருந்தோம். பலரும் அப்படியே செய்தீர்கள். ஆனால் அந்தச் சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த பிள்ளையின் டப்பாவை எட்டிப் பார்க்கும் வழக்கமும் கூடவே வந்துவிட்டது. "தினமும் பிஸ்கட்தானா? உங்க அம்மா எதுவும் செஞ்சு தர மாட்டாங்களா?" என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி ஏழு வயதுக் குழந்தைக்குத் தானாகத் தோன்றியிருக்காது என்பது உங்களுக்கே தெரியும். பாக்கெட் கொண்டுவருபவர்களைக் கண்டிக்கச் சொல்லி எனக்குக் கடிதங்களும் வந்தன. எழுதியவர்களின் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. தொனிதான் கவலை தந்தது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 6 முதல் 9 வயதுக் குழந்தைக்குக் காயும் பழமும் சேர்த்து நாளொன்றுக்குக் குறைந்தது 350 கிராம், 10 வயதைத் தாண்டிவிட்டால் 400 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் நாளுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ. வாரத்துக்குப் பதினான்கு கிலோ. அதை வாங்கக் காசு வேண்டும், பக்கத்தில் கடை வேண்டும், கெடாமல் வைக்க இடம் வேண்டும், நறுக்கி டப்பாவில் போட நேரம் வேண்டும். நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் காரியம் நடக்காது. 2024இல் உலகில் ஏறக்குறைய 260 கோடிப் பேருக்குச் சத்தான உணவை விலை கொடுத்து வாங்க முடியவில்லை என்று ஐ.நா. அமைப்புகளின் கூட்டறிக்கை சொல்கிறது. அத்தனை பேரும் பிள்ளைகள்மேல் அக்கறை இல்லாதவர்களா?

மாவும் சர்க்கரையும் எண்ணெயும் கலந்த தீனி அதே காசுக்கு அதிக நேரம் பசி தாங்கும் என்று தோன்றும். மாதக்கணக்கில் கெடாது. மூலைக்கு மூலை கிடைக்கும். பிள்ளையும் மறுக்காது. இந்தக் கடைசிக் காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. புதிய காய் ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து முறையாவது ருசி பார்க்க வேண்டியிருக்கும். அத்தனை முறையும் தொடாமல் திரும்பி வருவதைக் குப்பையில் கொட்டினாலும் பரவாயில்லை என்னும் வீடுகள் உண்டு. கையில் இருப்பதை எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் அந்தப் பரீட்சைக்கு இடமில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். விலை அதிகமான டப்பாவெல்லாம் சத்தான டப்பா ஆகிவிடாது. 'தானியம்', 'இயற்கை' என்று பெரிய எழுத்தில் போட்ட பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாகப் போடுவார்கள். முதல் இரண்டு மூன்றுக்குள் சர்க்கரை இருந்தால் அதுவும் இனிப்புத் தீனிதான். பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் உலக சுகாதார நிறுவனம் சேர்க்கிறது. மாறாக, அவித்த பயறு மலிவானது, காய்ந்த பயறாக இருக்கும்வரை குளிர்சாதனப் பெட்டியும் கேட்காது; புரதம், நார்ச்சத்து, இரும்புச்சத்து எல்லாம் அதில் உண்டு. அந்தந்தப் பருவத்தில் மலிந்து கிடைக்கும் பழம், தொலைவிலிருந்து வரும் பழத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. இதையும் முடிந்தவர்கள் செய்யலாம் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. சென்ற மாதம் ஒரு குழந்தையின் டப்பாவைப் படம் எடுத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் போட்டுக் கேலி செய்திருக்கிறார்கள். அந்தக் குழந்தை அதன்பின் சில நாட்கள் டப்பாவே கொண்டுவரவில்லை. பசியோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தது. பள்ளி வளாகத்தில் பிற குழந்தைகளையோ அவர்களது உணவையோ யாரும் படம் எடுக்கக் கூடாது. மீண்டும் நடந்தால் சம்பந்தப்பட்ட பெற்றோரை நேரில் அழைத்துப் பேசுவேன். உணவு பற்றிய புகார் இருந்தால் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள்; குழுவில் எழுத வேண்டாம். பிள்ளைகள் முன்னிலையில் அடுத்த வீட்டுச் சமையலைப் பேசுவதையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

அடுத்த பருவம் முதல் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பொதுப் பழக்கூடை இருக்கும். எந்தக் குழந்தையும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், பெயர் குறிக்க மாட்டார்கள். கூடைக்கு உதவ விரும்புவோர் அலுவலகத்தில் சொல்லலாம். யார் கொடுத்தது என்பதும் வெளியே வராது. டப்பா கொண்டுவர முடியாத சூழ்நிலை எந்த வீட்டில் இருந்தாலும் தயங்காமல் என்னிடம் வாருங்கள். வகுப்பாசிரியர்கள் டப்பாவைத் திறந்து பார்ப்பதும் இனி இருக்காது.

இரவுப் பணி முடித்து வந்த கையோடு பிள்ளைக்கு ஏதாவது கட்டிக் கொடுத்தனுப்புகிறவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள் என்பதை அறிவேன். தன் பிள்ளையின் டப்பாவில் தோழிக்கும் சேர்த்து ஒரு துண்டு பழம் வைப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் எல்லோருக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி. விடுமுறை இனிதாகக் கழியட்டும். பள்ளி திறக்கும் நாளும் புதிய கால அட்டவணையும் தனியாக அனுப்பப்படும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்