வளைய மஃப்ளர் பின்னல் பெட்டியில் பொருந்தாத ஊசியும் பிழையான கையேடும்: புகார் கடிதம்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: வளைய மஃப்ளர் பின்னல் பெட்டியில் உள்ள குறைகள் – மாற்று ஊசியும் திருத்திய கையேடும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கவுல் எனப்படும் வளைய மஃப்ளரைப் பின்னுவதற்காகத் தங்கள் நிறுவனம் விற்கும் தொடக்கநிலைப் பெட்டியை அண்மையில் வாங்கினேன். அதிலுள்ள கையேடு சொல்லும் மஃப்ளரை அதே பெட்டியிலுள்ள ஊசியைக் கொண்டு பின்ன முடியாது என்பதே என் புகார்.

5 மி.மீ. ஊசியில் 108 கண்ணிகள் (நூல் வளையங்கள்) ஏற்றி வட்டமாக இணைக்குமாறு கையேடு கூறுகிறது. 10 செ.மீ. அகலத்துக்கு 18 கண்ணிகள் என்ற அளவும் அதிலேயே உள்ளதால், மஃப்ளரின் சுற்றளவு 60 செ.மீ. ஆகிறது, பெட்டியின் மேலட்டையிலும் அந்த அளவுதான் அச்சாகியிருக்கிறது. ஆனால் உள்ளே வைத்திருப்பதோ முனைக்கு முனை 80 செ.மீ. நீளமுள்ள வட்ட ஊசி, அதாவது இரு ஊசி முனைகளை ஒரு கேபிள் இணைக்கும் ஊசி. வட்டப் பின்னலில் ஊசி, பின்னப்படும் துணியின் சுற்றளவைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். கண்ணிகளை நெருக்கி 40 செ.மீ. ஊசியில் அடக்கலாமே தவிர, அவற்றை 80 செ.மீ.க்கு இழுத்துப் பிடித்துக்கொண்டே பின்ன இயலாது. கண்ணிகளை ஏற்றி முடித்தபின், முதல் கண்ணிக்கும் கடைசிக் கண்ணிக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு வெறும் கேபிள்தான் தெரிகிறது. வலிந்து இழுத்தால், ஏற்றிய விளிம்பு விறைத்துக்கொள்கிறது. கேபிளும் ஊசியும் சேரும் இடத்தில் உள்ள பிசிறில் கம்பளி இழை மாட்டிப் பிரிகிறது.

இதைத் தொலைபேசியில் தெரிவித்தபோது, நான் இறுக்கமாகப் பின்னுவதால்தான் இப்படி நேர்கிறது என்று தங்கள் பிரதிநிதி கூறினார். நான் பின்னிப் பார்த்த மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்குச் சரியாக 18 கண்ணிகளே உள்ளன என்பதால் அந்த விளக்கத்தை ஏற்க இயலவில்லை. கண்ணிகளைக் கூட்டிக்கொள்ளலாம் என்றும் அவர் யோசனை சொன்னார். 80 செ.மீ.க்கு 144 கண்ணிகள் தேவை. அதே உயரத்துக்குப் பின்ன மூன்றில் ஒரு பங்கு நூல் கூடுதலாகச் செலவாகும், அந்த நூல் பெட்டியில் இல்லை. நீண்ட கேபிளை நடுவில் வளையமாக வெளியே இழுத்துவிட்டுப் பின்னும் மேஜிக் லூப் முறை உண்டுதான். ஆனால் அதற்கு நன்கு வளையும் கேபிள் வேண்டும். தாங்கள் தந்திருப்பது சுருட்டி வைத்த வடிவத்திலேயே விறைத்து நிற்கிறது. தவிர, முதன்முறையாக ஊசியைக் கையில் எடுப்பவருக்கு அம்முறையைப் பற்றிக் கையேடு ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

கையேட்டில் இன்னொரு பிழையும் இருக்கிறது. ஒரு சுற்று நிட் (நம் பக்கம் வழவழப்பாக வரும் கண்ணி), மறு சுற்று பர்ல் (நம் பக்கம் மேடாக வரும் கண்ணி) என மாற்றி மாற்றிப் பின்னச் சொல்கிறார்கள். துணியைத் திருப்பித் திருப்பிப் பின்னும் தட்டைப் பின்னலில்தான் அது வழவழப்பான முகப்பைத் தரும். வட்டப் பின்னலில் துணியின் வெளிப்பக்கம் எப்போதும் நம்மை நோக்கியே இருப்பதால், எல்லாச் சுற்றுகளையும் நிட்டாகவே பின்ன வேண்டும். கையேட்டின்படி பின்னினால் படத்திலுள்ள முகப்புக்கு மாறாக வரிவரியான மேடுகள் வரும், குறிப்பிட்ட சுற்றுகளில் உயரமும் குறையும். தட்டை மஃப்ளருக்கான குறிப்பையே எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று எண்ணுகிறேன். இணைக்கும் முன் கண்ணிகள் முறுக்கிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இல்லை. முறுக்கோடு இணைத்துச் சில சுற்றுகள் பின்னிவிட்டால் பிரித்து மறுபடி தொடங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது.

கம்பளி நூலின் தரத்தில் எனக்குக் குறையில்லை. எனவே பெட்டி முழுவதையும் திருப்பித் தர நான் விரும்பவில்லை. பிசிறில்லாத இணைப்புடைய 5 மி.மீ., 40 செ.மீ. வட்ட ஊசி ஒன்றையும் திருத்திய கையேட்டையும் தங்கள் செலவில் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதெனில் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். குறைகளைச் சரிசெய்யும் வரை, தொடக்கநிலையாளருக்கு ஏற்றது என்ற குறிப்புடன் இப்பெட்டியை விற்பதை நிறுத்திவைக்குமாறும் வேண்டுகிறேன். தங்கள் பதிலை எழுத்து வடிவில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: விலைச்சீட்டின் நகல், ஊசி இணைப்பின் ஒளிப்படம், மாதிரித் துண்டை அளவுகோலுடன் வைத்து எடுத்த ஒளிப்படம்.