ஆவி அழைத்தது மாமாவை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புணே நகரின் சனிவார் வாடா மாளிகை குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கொலையுண்ட இளம் பேஷ்வா (மராத்தியப் பேரரசின் தலைமை அமைச்சர்) நாராயணராவின் ஆவி பௌர்ணமி இரவுகளில் ‘மாமா, என்னைக் காப்பாற்றுங்கள்’ என்று அலறுவதாக அதில் எழுதப்பட்டிருந்தது. அலறல் கேட்கிறதா இல்லையா என்ற வழக்கிற்குள் நான் நுழையவில்லை. ஆனால், அந்த ஆவி ‘மாமா’ என்று ஒருநாளும் அழைத்திராது.

மராத்தியில் வழங்கும் கூக்குரல் ‘காகா, மலா வாச்வா’ என்பதே. காகா என்றால் தந்தையின் உடன்பிறந்தவர். தாயின் உடன்பிறந்தவரை மராத்தியரும் நம்மைப் போல மாமா என்றுதான் அழைக்கின்றனர். நாராயணராவ் அப்படி அழைத்ததாகச் சொல்லப்படும் இரகுநாதராவ், அவருடைய தந்தையான நானாசாகேபுக்குத் தம்பி. ஆகவே நம் முறைப்படி சித்தப்பா. இரு உறவுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதால் இப்பிழை நேர்ந்திருக்கலாம். சிறு பிழைதானே என்று விட்டுவிட முடியவில்லை, ஏனெனில் கொலைக்கான காரணமே அந்த உறவுமுறையில்தான் இருக்கிறது. தாய்மாமனுக்குப் பேஷ்வா பதவியில் பாத்தியதை கிடையாது, சித்தப்பாவுக்கு உண்டு.

அண்ணன் மாதவராவ் 1772 நவம்பரில் மறைந்தபின் பதவிக்கு வந்த நாராயணராவ், 1773 ஆகஸ்ட் 30 அன்று, சம்பளப் பாக்கி கேட்டு மாளிகைக்குள் புகுந்த கார்தி காவற்படையினர் வாளோடு துரத்த, அங்கேயே காவலில் வைக்கப்பட்டிருந்த சித்தப்பாவிடம் ஓடி அடைக்கலம் கேட்டும் பயனின்றி வெட்டுண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 18. காவற்படையினருக்கு இரகுநாதராவ் எழுதிய ஆணையில் ‘பிடிக்கவும்’ என்று பொருள்படும் ‘தராவே’ என்ற சொல்லை அவர் மனைவியான சித்தி ஆனந்திபாய் ‘கொல்லவும்’ என்று பொருள்படும் ‘மாராவே’ எனத் திருத்தினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கட்டுரையாளர் அதை நேரில் கண்டதுபோல் எழுதியிருக்க வேண்டாம்.

கட்டுரையில் இடம்பெறாத ஒருவரையும் குறிப்பிட வேண்டும். பேஷ்வாக்களின் தலைமை நீதிபதியாக இருந்த ராமசாஸ்திரி பிரபுணே, பதவியில் அமர்ந்துவிட்ட இரகுநாதராவையே அக்கொலைக்குப் பொறுப்பாளர் என்று முகத்துக்கு நேரே கூறினார். நாராயணராவின் மனைவிக்கு 1774 ஏப்ரலில் ஆண் குழந்தை பிறக்கவே, பதவி அக்குழந்தைக்குப் போயிற்று. இரகுநாதராவ் பம்பாய் ஆங்கிலேயரை நாடி 1775இல் சூரத்தில் உடன்படிக்கை செய்துகொண்டார். அதிலிருந்து மூண்ட முதல் ஆங்கில-மராத்தியப் போர் 1782 வரை நீடித்தது. இவ்வளவும் விடுபட்டு, பௌர்ணமி நிலவுக்கு மட்டும் ஒரு முழுப் பத்தி ஒதுக்கப்பட்டிருப்பது வருத்தமளிக்கிறது.

மற்றொன்று, அந்த ஆவி ‘கூடங்கள்தோறும்’ ஓடுவதாகக் கட்டுரை கூறுகிறது. 1828ஆம் ஆண்டுத் தீவிபத்தில் மாளிகையின் உட்பகுதி எரிந்து அழிந்துவிட்டது; இன்று எஞ்சியிருப்பவை கோட்டை மதிலும் வாயில்களும் அடித்தளக் கற்களுமே. ஓடுவதற்குக் கூடம் ஏது?

அடுத்த ஞாயிறு இணைப்பில் ‘மாமா’ என்பதைச் ‘சித்தப்பா’ என்று திருத்தி வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தஞ்சாவூர்.