இறந்த பிறகு நீக்கப்பட்டவரின் மனைவி எழுதுவது

நம் கிளப்பின் மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. என் கடிதங்கள் எல்லாம் உங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன. என் மேல்முறையீட்டுக்கு நீங்கள் போன வாரம் அனுப்பிய "பரிசீலிக்க இயலாது" என்ற ஒரு வரிப் பதிலும் அதில் இருக்கும். கோப்புக்குள்ளேயே கிடந்தால் எதுவும் நடக்காது என்று தெரிந்துவிட்டதால், மற்ற உறுப்பினர்களும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். இறந்துபோன என் கணவரைச் சந்தா பாக்கி என்று சொல்லி கிளப்பிலிருந்து நீக்கிய உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். அவருடைய உறுப்பினர் உரிமையை விதிப்படி என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள்.

அவர் காலமானது கிளப்புக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தலைவர் அவர்களே, நீங்களே மாலையோடு வீட்டுக்கு வந்தீர்கள். வரவேற்பறைப் பலகையில் அவர் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி ஒட்டினீர்கள். பொதுக்குழுவில் எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியது கூட்டக் குறிப்பிலேயே இருக்கிறது. அப்புறம் சில மாதம் கழித்து அதே பலகையில் மறுபடியும் அவர் பெயர், இந்த முறை சந்தா பாக்கி வைத்தவர்கள் பட்டியலில்.

நான் அதை நேரில் பார்க்கவில்லை. புதன்கிழமை கூடும் பெண்களில் ஒருவர் போனில் படம் எடுத்து அனுப்பினார். அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தாராம். உறுப்பினர் எண், பெயர், பாக்கித் தொகை, பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு. மளிகைக் கடையில்கூட ஒரு ரூபாய் பாக்கி வைக்காத மனுஷன் அவர். கிளப் பில் வந்த அன்றைக்கே செக் எழுதி, கவரில் போட்டு, என் கையில் கொடுத்துவிடுவார். டென்னிஸ் கோர்ட்டுக்குப் போகிற வழியில் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போ என்பார். அப்படிப்பட்டவர் பெயருக்குக் கீழே நின்றுகொண்டு, "சார் இவ்வளவு பாக்கி வைத்துவிட்டா போனார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டவர் புதிய உறுப்பினர், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்தத் தாளை ஒட்டச் சொன்னவர்களுக்கு அவரை முப்பது வருடமாகத் தெரியும்.

அந்தப் பாக்கி என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் இறந்த மாதத்துக்குப் பிறகு வந்த மாதச் சந்தா, அதற்குத் தாமதக் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உயிரோடு இருந்தபோது அவர் சாப்பிட்ட ஒரு காபிக்குக்கூடப் பாக்கி இல்லை. காரியம் முடிந்த வாரமே நான் அலுவலகத்துக்கு வந்து கட்ட வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டேன். "நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம் மேடம், கமிட்டி பார்த்துக்கும்" என்றார்கள். அவருடைய டெபாசிட் தொகை இன்றுவரை உங்களிடம்தான் இருக்கிறது. பாக்கியைப் போல அது பல மடங்கு. அதில் கழித்துக்கொள்ள ஒரு கையெழுத்து போதும்.

அதற்குப் பதிலாக நோட்டீஸ் அனுப்பினீர்கள். சந்தா கட்டத் தவறியது ஏன் என்று 15 நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று, அவர் பெயருக்கே, அவர் மின்னஞ்சலுக்கே. "தக்க விளக்கம் வராததால்" நீக்கம் என்று தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். எங்கிருந்து வரும்?

உறுப்பினர் இறந்தால் ஆறு மாதத்துக்குள் மனைவியோ கணவரோ விண்ணப்பித்து உரிமையை மாற்றிக்கொள்ளலாம் என்று உங்கள் விதிப் புத்தகம் சொல்கிறது. நான் அந்தக் காலத்துக்குள்தான் விண்ணப்பித்தேன். அலுவலகத்தில் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "சார் டெர்மினேட் ஆகிட்டாரு மேடம், அதனால டெத் ரூல் பொருந்தாது." அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை. மேலே சொன்னதைத்தான் சொன்னார். அதாவது, என் கணவர் முதலில் இறந்தார், பிறகு நீக்கப்பட்டார், நீக்கப்பட்டுவிட்டதால் அவர் இறந்தது செல்லாது. இந்தத் தர்க்கத்தை எந்தக் கூட்டத்தில் யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று தெரிந்தால் நேரில் வந்து பாராட்டுவேன்.

நம் கிளப் சீட்டு அறையில் ஒரு தீர்ப்பைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறீர்கள். ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 1967ஆம் வருடத் தீர்ப்பு. போலீஸ் வந்தால் காட்டுவதற்கு. அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1962இல், அதே நீதிமன்றம் பெல்காம் மேசானிக் லாட்ஜ் (ஃப்ரீமேசன் சகோதரச் சங்கத்தின் கிளை) ஒன்றின் வழக்கில் இன்னொன்றும் சொன்னது. இப்படிப்பட்ட அமைப்பு தன் உறுப்பினரை நீக்கலாம், ஆனால் தன் விதிகளைக் கறாராகப் பின்பற்றி, நல்லெண்ணத்தோடு, அவர் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்துத்தான் நீக்க வேண்டும். அந்த வழக்கில் நீக்கப்பட்டவர் தோற்றார் என்பதும் எனக்குத் தெரியும். அவருக்கு அந்த வாய்ப்பு தரப்பட்டிருந்தது, அதனால் தோற்றார். இடம் இருந்தால் அந்தத் தீர்ப்பையும் பக்கத்தில் மாட்டுங்கள்.

1975ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம் நம்முடையது. பதிவாளரிடம் புகார் கொடுக்கலாம், சிவில் கோர்ட்டுக்கும் போகலாம் என்கிறார் வக்கீல். எனக்கு விருப்பமில்லை. அவர் உட்கார்ந்து பேசிய இடத்தின்மேல் வழக்குப் போட மனம் வரவில்லை. இதைப் பலவீனம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. 2014இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியபோது ஊரே கொதித்தது. வேட்டி கட்டியவரைத் தடுக்கக் கூடாது என்று அதே வருடம் சட்டமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. நம் கிளப்பிலும் அடுத்த பொங்கலுக்குக் கமிட்டி முழுக்கப் பட்டு வேட்டியில் படம் எடுத்துக்கொண்டது. நல்லது, வேட்டிக்கு வழி கிடைத்தது. வேட்டி கட்டியவரின் மனைவிக்கு? என் அட்டையில் எனக்கென்று ஓர் எண் கிடையாது, அவர் எண்ணுக்குப் பின்னால் ஒரு 'ஏ'. நவராத்திரிக்குக் கொலு வைக்க, மகளிர் தினத்துக்குக் கோலப் போட்டி நடத்த, நூலகத்தில் புத்தகம் அடுக்க அந்த 'ஏ' போதுமானதாக இருந்தது. அவர் போனதும் 'ஏ'யும் போய்விட்டது. வாசலில் அட்டையைத் தேய்த்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. காவலர் எழுந்து நின்று, "யாராவது மெம்பர் கூட வந்தா கெஸ்ட்டா வரலாம்மா" என்று தரையைப் பார்த்துச் சொல்கிறார். கமிட்டியில் ஒரு பெண்கூட இல்லாததால் இது யாருக்கும் தோன்றவில்லையோ என்னவோ.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலகையிலிருந்து அவர் பெயரை இன்றே எடுத்துவிடுங்கள், அதற்குக் கூட்டம் தேவையில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நீக்கத் தீர்மானத்தை ரத்து செய்து, என் விண்ணப்பத்தை உங்கள் விதிப்படியே எடுத்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். விதிப்படி கட்ட வேண்டிய கட்டணத்தைக் கட்டுகிறேன். விளக்கம் வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், வருகிறேன். அன்றைக்கு மட்டும் தயவுசெய்து கெஸ்ட் புத்தகத்தில் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மறைந்த உறுப்பினரின் மனைவி