பனியில் ஓட்டியதற்காக உத்தரவாதம் மறுக்கப்பட்ட ஸ்னோமொபீல் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் ஐந்து தடவை எழுதிவிட்டேன். ஐந்துக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே பதில்தான். அதனால் இம்முறை எனக்குக் கோபம் ஒழுங்காக வருகிற மொழியில் எழுதுகிறேன். மொழிபெயர்க்கிற செலவு உங்களுடையது.

உங்கள் வண்டியைப் பற்றி உங்களுக்கே நான் விளக்கத் தேவையில்லை. ஹாண்டில்பாரிலிருந்து இறங்கும் வயர்க் கட்டு வந்து சேருகிற கனெக்டர் எது என்று உங்களுக்குத் தெரியும். தூள் பனியில் ஓடினால் பனி எஞ்சின் மூடிக்குள் போய் அடைகிறது, எஞ்சின் சூட்டில் உருகுகிறது, தண்ணீர் வயர் வழியே வழிந்து நேரே அதற்குள் இறங்குகிறது. வயரை ஒரு வளைவு தாழ்த்தி விட்டிருந்தால் அங்கேயே சொட்டிப் போயிருக்கும். விடவில்லை. முதலில் கைப்பிடியைச் சூடாக்குகிற ஹீற்றர் நிற்கும், பிறகு மீற்றர் இருளும், பிறகு எஞ்சின் நிற்கும். ஒரு மணித்தியாலம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

நானே கழற்றிப் பார்த்தேன். ஒரு பின் களிம்பேறிப் பச்சையாக இருந்தது. மல்ரிமீற்றரில் 12 வோல்ற் காட்டியது, வயரை ஒருக்கா ஆட்டியதும் 4க்கு விழுந்தது. தலைமுடி காயவைக்கிற டிரையரைப் பிடித்து ஈரத்தைப் போக்கி, கனெக்டருக்குப் போடுகிற கிரீஸும் தடவினேன். பன்னிரண்டு நாள் ஓடியது.

இதை உங்கள் சட்பரி முகவரிடம் சொல்லப் போனபோதுதான் சேவை மேசையில் இருந்த தம்பி கேட்டார்: "ஈரத்தில் ஓட்டினீர்களா?" ஸ்னோமொபீல், ஐயா! வேறு எதில் ஓட்டுவது? "தண்ணீரால் வந்த பழுதுக்கு உத்தரவாதம் இல்லை" என்று கணினியைப் பார்த்தபடியே சொன்னார். வாயில் சூயிங்கம். என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

சட்பரிக்கு மூன்று தடவை போனேன். வண்டியை டிரெய்லரில் ஏற்றி, நோர்த் பேயிலிருந்து நெடுஞ்சாலை 17இல், ஒரு பக்கம் மட்டும் சுமார் 130 கிலோமீற்றர். இரண்டாவது பயணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நான்கு நாள் வைத்திருந்தார்கள். எங்கே? ஹீற்றர் போட்ட பட்டறைக்குள்! நான்கு நாள் சூட்டில் நின்றால் ஈரம் காயாமல் என்ன செய்யும்? "குறை எதுவும் இல்லை" என்று எழுதி 189 டொலருக்கு பில். வெளியே குளிரில் நிறுத்தி, ஓடவிட்டு, வயரை ஆட்டிப் பாருங்கள் என்று துண்டில் எழுதி மீற்றருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். திரும்பி எடுக்கும்போது அந்தத் துண்டு ஒட்டினபடியே இருந்தது.

சொல்ல மறந்துவிட்டேன், பெப்ரவரியில் வருகிற குடும்ப தின விடுமுறையில் நடந்ததை. மீன் பிடிக்கவென்று மச்சான் குடும்பம் ஸ்காபரோவிலிருந்து வந்திருந்தது. நிப்பிசிங் ஏரியின் நடுவில், மைனஸ் 24இல், வண்டி நின்றது. மச்சானின் ஒன்பது வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு கரைக்கு நடந்தேன். இனி நோர்த் பே பக்கமே வரமாட்டேன் என்கிறான். குளிர்காலம் முழுக்கப் போச்சு, பனிப்பாதைகளில் ஓட்ட எடுத்த ட்ரெயில் பெர்மிற் காசு போச்சு, மச்சானிடம் என் மரியாதையும் போச்சு. இதற்கு 20,000 டொலர் கேட்டாலும் குறைவு.

சரி, சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. வயர்க் கட்டை உத்தரவாதத்தில் மாற்றுங்கள், அந்த 189 டொலரைத் திருப்பித் தாருங்கள். அந்தத் தம்பியை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லவில்லை; ஒருநாள் என் வண்டியோடு ஏரிக்கு அனுப்புங்கள், போதும். 14 நாளுக்குள் பதில் வராவிட்டால் ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதுவேன், பிறகு சிறு உரிமைகோரல் நீதிமன்றம். பில், படங்கள், அந்தப் பச்சைப் பின் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. தயவுசெய்து அவ்வளவு தூரம் என்னைக் கொண்டுபோகாதீர்கள்.

வண்டியை இப்போது கராஜுக்குள் விடுவதில்லை, வெளியே பனியில்தான் நிற்கிறது. பார்க்க வருபவரிடம் தடித்த கையுறை போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் வாடிக்கையாளர்,
நோர்த் பே