காலை பதினோரு மணிக்கே தீரும் 2 ஜிபி

காவேரிப்பட்டினம்,
ஞாயிறு இரவு.

கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். பாட்டிக்கு முட்டி வீக்கம் வடிந்திருக்கிறது. அப்பா போச்சம்பள்ளி சந்தைக்குப் போய் வந்து படுத்துவிட்டார். மாங்காய் வரத்து தொடங்கிவிட்டது, மண்டியில் பெங்களூரா இன்னும் விலை ஏறவில்லை. மற்றதெல்லாம் அப்புறம். "நெட் தீந்துடுச்சும்மா, அப்புறம் பேசறேன்" என்று நீ அனுப்புகிற வரிதான் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

முன்பு ராத்திரி பத்து மணிக்கு வந்த வரி, இப்போது காலை பதினோரு மணிக்கே வருகிறது. உன் பேக்கில் ஒரு நாளைக்கு 2 ஜிபி. நள்ளிரவு 12 மணிக்குப் புதிதாக ஏறுகிறது. அது பதினோரு மணிக்குள் தீர்கிறது என்றால், அதில் பாதிக்கு மேல் நீ தூங்குகிற நேரம். ஒன்று, நீ தூங்கும்போது போன் வேலை செய்கிறது. இல்லாவிட்டால் நீயும் தூங்கவில்லை. எது என்று போனிலேயே பதிவாகியிருக்கும். கூடுதல் டேட்டாவுக்கு பூஸ்டர் போட்டுக்கொண்டே இருந்தால் அது தெரியவே தெரியாது. போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. போடுவதற்கு முன்னால் கணக்கைப் பாரு என்கிறேன்.

முதலில் மெசேஜ் பெட்டியைத் திற. தினக் கணக்கில் 50 சதவீதம், 90 சதவீதம், 100 சதவீதம் தீர்ந்தது என்று கம்பெனியிலிருந்து மெசேஜ் வரும். எல்லோரும் படிக்காமல் தள்ளிவிடுகிற மெசேஜ். அதில் நமக்கு வேண்டியது வந்த நேரம் மட்டும்தான். 50 சதவீதம் என்பது ராத்திரி இரண்டு, இரண்டரைக்கு வந்திருந்தால் ஏதோ ஒரு பேக்கப், அதாவது போனில் இருப்பதை நெட்டில் பிரதி எடுத்து வைக்கிற வேலை, ஓடுகிறது. பன்னிரண்டுக்கு மேல் மெல்ல மெல்லத் தீர்ந்திருந்தால் வீடியோ. காலை ஒன்பதரைக்கு மேல் பத்து நிமிடத்துக்குள் 50-ம் 90-ம் அடுத்தடுத்து வந்திருந்தால் அது பெரும்பாலும் ஹாட்ஸ்பாட் வழியாகப் போனின் நெட்டை எடுக்கிற லேப்டாப்பாக இருக்கும். போனில் படம் பார்த்து அந்த வேகத்தில் தீர்க்க முடியாது. உயர் தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை, நடுத்தரத்தில் 0.7 ஜிபி என்று நெட்ஃப்ளிக்ஸே கணக்குச் சொல்கிறது. பத்து நிமிடத்தில் 800 எம்பி என்பது அதையெல்லாம் தாண்டிய வேகம். அந்த மெசேஜ்களை அழிக்காதே.

அடுத்து உன் சாம்சங் போனில் செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், டேட்டா யூசேஜ், மொபைல் டேட்டா யூசேஜ். எந்த ஆப் எவ்வளவு என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாக வரும். அது மாதக் கணக்கு, அதனால் ஒருமுறை பார்த்தால் ஒன்றும் புரியாது. படுக்கும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட், எழுந்ததும் ஒரு ஸ்கிரீன்ஷாட். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ராத்திரி போனது. வித்தியாசம் பெரிதாக இருக்கும் ஆப்பின் மேல் தட்டினால் ஃபோர்கிரவுண்ட், பேக்கிரவுண்ட் என்று இரண்டு கணக்கு வரும். முதலாவது நீ திறந்து வைத்துப் பார்த்தது, இரண்டாவது உனக்குத் தெரியாமல் ஓடியது. பேக்கிரவுண்ட் பெரிதென்றால் அந்தப் பக்கத்திலேயே அதை நிறுத்தலாம். ஆனால் உடனே நிறுத்தாதே. எல்லாவற்றையும் ஒரே நாளில் அணைத்துவிட்டால் டேட்டா மிச்சமாகும், யார் எடுத்தது என்று மட்டும் தெரியாமல் போய்விடும். அடுத்த மாதம் அதுவே திரும்ப வரும். முதலில் பாரு, அப்புறம் நிறுத்து.

கம்பெனி சொல்லும் கணக்கும் போன் காட்டுவதும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதில் நேரத்தை விடாதே. பல எம்பி வித்தியாசம் வரலாம், அரை ஜிபி வராது. அனுப்புவதும் டேட்டாதான் என்பதை மட்டும் மறந்துவிடாதே. இறக்கினால்தான் கழியும் என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ராத்திரி ஓடுவதில் முதலில் பார்க்க வேண்டியது வாட்ஸ்அப் பேக்கப். தினமும் என்று வைத்திருந்தால் ராத்திரி 2 மணிக்குத்தான் தொடங்கும். செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் போய், மொபைல் டேட்டாவில் பேக்கப் என்பதை அணை. வீடியோவையும் சேர் என்பதையும் அணை. அதே வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, நெட்வொர்க் யூசேஜ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. கால், மீடியா, ஸ்டேட்டஸ், கூகுள் டிரைவ் தனித்தனியாக, அனுப்பியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று காட்டும். டிரைவ் வரியில் அனுப்பிய கணக்கு பெரிதாக இருந்தால் திருடன் அங்கேயே அகப்பட்டான்.

கூகுள் போட்டோஸிலும் பேக்கப் செட்டிங்ஸில் மொபைல் டேட்டா யூசேஜ் என்று இருக்கும். அன்லிமிடெட் என்று இருந்தால் 'நோ டேட்டா' என்று மாற்று. நண்பர்கள் கூட்டமாகப் போகிற இடத்தில் 4கே-வில் எடுத்தால் ஒரு நிமிட வீடியோ 170 எம்பி முதல் 350 எம்பி வரை வரும். ஐந்தாறு நிமிடம் எடுத்து வந்து அப்படியே படுத்தால், எழுவதற்குள் 2 ஜிபி வரை நெட்டில் ஏறிவிடும். ப்ளே ஸ்டோரில் ஆட்டோ அப்டேட்டை வைஃபை மட்டும் என்று வை. கூகுள் ப்ளே சர்வீசஸ் பெயரில் பெரிய கணக்கு இருந்தால் பயந்துவிடாதே. மற்ற ஆப்களுக்காக அது சுமக்கிற வேலை நிறைய, எதற்காக என்பதை பேக்கப்பிலும் சிங்க்கிலும் தேடு.

உன் பிஜி விடுதி வைஃபை ராத்திரி விட்டு விட்டு வரும் என்று சொல்லியிருந்தாய். வைஃபை மந்தமானால் மொபைல் டேட்டாவுக்குத் தானாக மாறு என்று போனில் ஒரு வசதி இருக்கிறது. வைஃபை, இன்டெலிஜென்ட் வைஃபை என்பதற்குள் பாரு. அது போட்டிருந்தால், வைஃபையில் தொடங்கியது பாதியில் உன் பேக்குக்கு வந்துவிடும். நீ வைஃபையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பாய். 5ஜி அளவில்லாமல் என்று இருக்கும் பேக்கிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. சிக்னல் குறைந்து போன் 4ஜி-க்கு இறங்கினால், அப்போது ஓடுவது தினக் கணக்கில்தான் கழியும். உன் கட்டில் இருக்கும் மூலையில் மேலே 5ஜி என்று காட்டுகிறதா, 4ஜி என்று காட்டுகிறதா என்று ஒருநாள் பாரு.

எனக்கு அதிக சந்தேகம் ஹாட்ஸ்பாட்டின் மேல்தான். ஆபீஸில் சர்வர் ஏன் நின்றது என்று ஆயிரம் வரி லாக் (நடந்ததன் பதிவு) படித்துக் கண்டுபிடிக்கிறவன் நீ. பர்கூர் காலேஜில் படித்து பெங்களூரில் இந்த வேலை பார்க்கிறாய் என்று உன் அப்பா சந்தையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு இருக்கிறார். உன் கையில் இருக்கும் போனின் லாக் மட்டும் நீ படிப்பதில்லை. ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்த லேப்டாப்புக்கு அது சாதாரண வைஃபை மாதிரிதான் தெரியும். அளவில்லாத நெட் என்று நினைத்து, காத்திருக்கும் எல்லாவற்றையும் இறக்கும். விண்டோஸுக்கு மாத அப்டேட் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும், நமக்கு அன்று ராத்திரி. புதன் காலை ஹாட்ஸ்பாட் போட்டால் அதுதான் முதலில் பாயும். ஃபைல்களை நெட்டில் சேமிக்கும் ஒன்டிரைவும் கூடவே ஏற்றத் தொடங்கும்.

லேப்டாப்பில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, உன் ஹாட்ஸ்பாட் பெயரின் ப்ராப்பர்ட்டீஸ். அங்கே, இது அளவுள்ள நெட் என்று சொல்லும் மீட்டர்டு கனெக்‌ஷன் என்பதைப் போடு. இது ஒன்று போதும், பெரிய அப்டேட்டும் ஒன்டிரைவும் நின்றுவிடும். விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், டெலிவரி ஆப்டிமைசேஷனில் மற்ற கம்ப்யூட்டர்களுடன் பகிர்வதையும் அணை. எந்த ப்ரோக்ராம் எவ்வளவு எடுத்தது என்று லேப்டாப்பிலும் டேட்டா யூசேஜ் பக்கம் இருக்கிறது. போன் பட்டியலில் ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங் என்று தனி வரியாகத்தான் வரும், எந்த ப்ரோக்ராம் என்று போனுக்குத் தெரியாது. பாஸ்வேர்டை மாற்று. அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒருநாள் கொடுத்தது அவர்கள் போனில் அப்படியே சேமித்து இருக்கும், நீ போடும் போதெல்லாம் தானாகச் சேரும். அவர்களைக் குறை சொல்லவில்லை. போன் செய்கிற வேலை அது.

நினைவில் வை: முதலில் பாரு, அப்புறம் நிறுத்து.

இன்னொன்று. சாதா கால் டேட்டாவில் கழியாது. டேட்டாவை முழுசாக அணைத்து வைத்தாலும் 4ஜி கால் போகும், பேக்கில் பேசுவதற்கு அளவும் இல்லை. 2 ஜிபி தீர்ந்த பிறகும் 64 கேபிபிஎஸ் வேகத்தில் நெட் இருக்கும், நொடிக்கு 8 கிலோபைட். வீடியோ கால் வராது, படம் வராது. எழுதி அனுப்பினால் போகும். "சாப்டேன்" என்று ஒரு வார்த்தை அதில் தாராளமாகப் போகும் கண்ணு. உனக்கு இதெல்லாம் தெரியாது என்று நான் நினைக்கவில்லை.

அதே பட்டியலில் இன்னொன்றையும் பாரு. பெயர் தெரியாத ஆப், அல்லது அழித்த ஆப் என்ற வரியில் கணக்கு. அழித்துவிட்ட ஆப் எடுத்த டேட்டாவும் அந்த மாதம் முழுக்கப் பட்டியலில் நிற்கும். இலவச விபிஎன் போட்டிருந்தால் எடு, அவற்றில் சில உன் நெட்டை வெளியாட்களுக்கு வழியாக விடுகிறவை. ப்ளே ஸ்டோரில் இல்லாமல் லிங்க் வழியாக வந்த ஏபிகே (ஆப் ஃபைல்) ஏதாவது இருந்தால், அது எதற்கு வந்தது என்று உனக்கே தெரியும்.

கடன் ஆப் என்று நான் சொல்லவில்லை. தர்மபுரி சித்தப்பா வீட்டில் நடந்தது உனக்கும் தெரியும், அதனால் எழுதுகிறேன். அந்த மாதிரி ஆப் என்ன எடுத்தது என்பது டேட்டா கணக்கில் தெரியாது. ஆயிரம் பேரின் நம்பர் முழுசாகப் போனாலும் சில நூறு கேபிதான், ஒரு போட்டோ அளவுகூட வராது. அதை பெர்மிஷன் மேனேஜரில்தான் பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் செக்யூரிட்டி அண்ட் ப்ரைவசிக்குள் இருக்கிறது. கான்டாக்ட்ஸ், போட்டோஸ், எஸ்எம்எஸ், கால் லாக்ஸ் ஒவ்வொன்றையும் திறந்து யாருக்கு அனுமதி என்று பாரு. கடன் ஆப் எதுவும் நம் நம்பர் பட்டியலையும் கேலரியையும் கால் பதிவையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. வங்கிகளோடு சேர்ந்து நடக்கும் கடன் ஆப்களின் பட்டியலும் 2025 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கித் தளத்தில் இருக்கிறது. அதில் இல்லாத ஆப் மிரட்டினால் நீ பயப்பட வேண்டாம்.

அப்படி ஏதாவது இருந்தால், அவசரப்பட்டு ஆப்பை அழிக்காதே. வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, மிரட்டிய மெசேஜ், அனுப்பிய யுபிஐ எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. அனுமதியைப் பறி. சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடு. கடனை அடைக்க இன்னொரு ஆப்பில் வாங்காதே. எவ்வளவு என்று நான் கேட்க மாட்டேன். அப்பாவிடமும் சொல்ல மாட்டேன். இங்கே மண்டிப் பணம் வர வேண்டியது இருக்கிறது, பாட்டியின் சீட்டும் முடிகிறது. கடனே இல்லை, ராத்திரி தூக்கம் வராமல் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்றாலும் அதைச் சொல்லு. காரணம் கேட்டு உன்னை வறுக்க மாட்டேன். கிருஷ்ணகிரி பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம், லீவு சொல்லிவிட்டு வா.

இன்றைக்கு பூஸ்டர் போட்டுவிட்டேன். நாளை காலை இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பு, ராத்திரி எடுத்தது, காலை எடுத்தது. பெர்மிஷன் பக்கத்தை அனுப்ப வேண்டாம், அதை நீயே பார்த்துக்கொள். பார்த்துவிட்டு சாதா காலில் கூப்பிடு. நம் கடை ராத்திரி ஒன்பதரை வரை திறந்திருக்கும், அதற்கு மேலும் எடுப்பேன்.

அம்மா

பி.கு.: ஹாட்ஸ்பாட்டுக்குப் புது பாஸ்வேர்டு வைக்கும்போது உன் பிறந்த தேதியை வைக்காதே, அது அறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சேராவிட்டால் தானாக அணையும் நேரத்தையும் அங்கேயே பத்து நிமிடத்துக்குள் வைத்துவிடு.