டாஸ் கம்ப்யூட்டரில் பென்டிரைவ் வந்துவிட்டது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் உடம்பு, வேலை, சாப்பாடு எல்லாம் போனில் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் முழுக்க நம் அரிசி மில் கம்ப்யூட்டரைப் பற்றித்தான், விண்டோஸுக்கு முந்தின டாஸில் ஓடுகிறதே, அது. போனில் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "புதுசு வாங்கிடலாம்மா" என்று முடித்துவிடுகிறாய். அதனால் எழுத்திலேயே வைக்கிறேன், பொறுமையாகப் படி.

அந்தக் கம்ப்யூட்டரில் பென்டிரைவ் வந்துவிட்டது. டி என்று அடித்து ஒரு முக்காற்புள்ளி வைத்தால் உள்ளே போகிறது. ஃபைல் காப்பி ஆகிறது. எடுத்துக்கொண்டுபோய் அப்பாவின் லேப்டாப்பில் சொருகினால் திறக்கிறது. ஆடிட்டர் கேட்ட பழைய கணக்கெல்லாம் இப்போது லேப்டாப்பில் இருக்கிறது. "டாஸுக்கு யூஎஸ்பி தெரியாதும்மா" என்று நீ சொன்னது சரிதான். அதற்குத் தெரியாது. தெரியவைக்க இரண்டு சின்ன டிரைவர் ஃபைல்கள் இருக்கின்றன, அதை யாரும் நமக்குச் சொல்லவில்லை.

பிளாப்பி டிரைவ் போனது உனக்குத் தெரியும். வேறு டிரைவ் தேடிப் போட்டாலும் பிளாப்பிகள் உருப்படியாக இல்லை. 2018 நவம்பரில் கஜா அடித்து, கரண்ட் இல்லாமல் ஆபீஸ் அறை பூட்டியே கிடந்ததே, அப்போது ஓதம் ஏறி அலமாரியில் இருந்த டப்பா முழுக்கப் பூசணம். மேல் தகரத்தை விரலால் நகர்த்திப் பார்த்தால் உள்ளே கறுப்புத் தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. அதைப் போய் டிரைவில் போட்டால் டிரைவும் சேர்ந்து கெடும். 1.44 எம்.பி.க்குள் ஒரு போகத்துக் கணக்கை அடக்கி மன்னார்குடிக்கு ஆள் அனுப்பிய காலம் முடிந்துபோயிற்று.

புது சாஃப்ட்வேருக்கு மாறலாம் என்கிறாய். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் பெட்டியை மாற்றுவது வேறு, கணக்கை மாற்றுவது வேறு. யாருக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம், யார் பழைய பாக்கி, யாரிடம் எத்தனை சாக்கு நிற்கிறது என்பதெல்லாம் அதற்குள்ளே இருக்கிறது. அது வெளியே வராமல் பெட்டியைத் தூக்கிப் போட்டால், குறுவை நெல் வந்து இறங்கும்போது நான் எதை வைத்துப் பேசுவது? நம்மிடம் முன்பணம் வாங்குகிறவர்கள் யாரும் பத்திரம் எழுதிக் கொடுப்பதில்லை. திரையில் பெயரை எடுத்துக் காட்டினால் "ஆமாங்க, சரிதான்" என்று ஒத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் நம் வியாபாரம்.

ஹார்டு டிஸ்க் போனபோது நீதான் ஃப்ரீடாஸ் போட்டுக்கொடுத்தாய். அது என்ன ஏது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ரயில் ஏறிவிட்டாய். நானே படித்துத் தெரிந்துகொண்டேன். 1994-ல் மைக்ரோசாஃப்ட் டாஸை ஓரங்கட்டப் போகிறது என்று தெரிந்ததும், அமெரிக்காவில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த ஜிம் ஹால் என்ற மாணவர், நாமே ஒரு டாஸ் எழுதிக்கொள்வோம் என்று அந்த ஜூன் 29-ல் அறிவித்தாராம். நாலைந்து பேர் சேர்ந்து, நாற்பது பேர் சேர்ந்து, 1.0 என்று பெயர் வைத்து வெளியிட 2006 ஆகிவிட்டது. காசு கிடையாது, மூல நிரலும் திறந்தே இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு, கிளிப்பர் என்ற பழைய மொழியில் எழுதிய நம் கணக்கு புரோகிராம் எங்கே தெரியப்போகிறது? ஆனாலும் ஒரு எழுத்துகூட மாற்றாமல் அது அப்படியே ஓடுகிறது.

யூஎஸ்பி மட்டும் ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் வருஷக் கணக்கில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் டாஸ் 6.22 வந்தது 1994. யூஎஸ்பியின் முதல் விதிமுறை வெளியானது 1996 ஜனவரியில். டாஸ் எந்த டிஸ்க்கையும் பயோஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற, மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் புரோகிராம், அதன் வழியாகத்தான் கேட்டு வாங்குகிறது. பின்னால் வந்த மதர்போர்டுகளில், ஸ்விட்ச் போடும் முன்பே பென்டிரைவைச் சொருகி வைத்தால் பயோஸே அதை ஒரு ஹார்டு டிஸ்க்காகக் காட்டிவிடும், டாஸும் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். நம்முடையது பென்டியம் த்ரீ. அதன் பயோஸில் யூஎஸ்பி கீபோர்டுக்கு ஒரு வரி இருக்கிறதே தவிர டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் டிரைவர்.

முதல் டிரைவரின் பெயர் யூஎஸ்பிஆஸ்பி. பானசானிக் எழுதியது. அது மதர்போர்டில் உள்ள யூஎஸ்பி கன்ட்ரோலரோடு பேசி, சொருகியிருப்பதை ஒரு ஸ்கஸி டிஸ்க் (ஸ்கஸி என்பது டிஸ்க்குகளோடு பேசுகிற ஒரு பழைய முறை) என்று கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்கிறது. இரண்டாவது, டிஐ1000டிடி. அந்த ஸ்கஸி டிஸ்க்குக்கு டாஸில் ஒரு டிரைவ் எழுத்து கொடுப்பது இதன் வேலை. வரிசை முக்கியம்: முதலில் அது, அப்புறம்தான் இது. மாற்றிப் போட்டால் எழுத்து வராது.

நடுவில் ஸ்கஸி எதற்கு என்று எனக்கும் புரியவில்லை. பென்டிரைவ் உள்ளுக்குள் பேசுவதே ஸ்கஸி கட்டளைகளாம், யூஎஸ்பி அதைச் சுமந்துபோகிற கம்பி மட்டும்தான். நம் லாரி மாதிரியே இருக்கிறது அந்த ஏற்பாடு: போகும்போது "இன்ன இடத்திலிருந்து இத்தனை எடு" என்று 31 பைட்டில் ஒரு சீட்டு, பின்னால் சரக்கு, எல்லாம் இறங்கியதும் "சரியாக வந்தது" என்று 13 பைட்டில் கையெழுத்துப் போட்ட அடிச்சீட்டு. அடிச்சீட்டு வராமல் அடுத்த லோடு கிளம்பாது. இதைப் படித்த பிறகுதான் எனக்கு அந்த இரண்டு டிரைவர் மேலும் ஒரு நம்பிக்கை வந்தது.

இந்த ஃபைல்களை முதலில் உள்ளே கொண்டுவர பிளாப்பியும் இல்லை, பென்டிரைவும் இல்லை. சிடி டிரைவ் மட்டும் இன்னும் உயிரோடு இருந்தது. ஒரு சிடியில் எரித்துக் கொண்டுவந்தேன். கூடவே டவுனில் ஒரு கடையிலிருந்து ஒரு பையனையும் அழைத்துவந்தேன். வந்தவன், டாஸ் ஆன் ஆகும்போது படிக்கிற கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் இரண்டு வரியையும் எழுதினான், மறுபடி ஆன் செய்தான், ஒன்றும் நடக்கவில்லை. போர்ட் செத்துவிட்டது, போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஃப்ரீடாஸ் முதலில் தேடுவது எஃப்டிகான்ஃபிக்.சிஸ் என்ற ஃபைலை. அது இருந்தால் கான்ஃபிக்.சிஸ்ஸைத் திரும்பியும் பார்க்காது. அந்த இரண்டு வரியையும் அதற்குள் மாற்றி எழுதியதும் திரையில் கன்ட்ரோலர் பெயர் ஓடியது, பென்டிரைவின் பெயர் ஓடியது, கடைசியில் டி என்று எழுத்தும் வந்தது. போர்டு நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் வரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு வி, இன்னொரு சாய்கோடு போட்டு டபிள்யூ சேர்த்திருக்கிறேன். வி இருந்தால் என்ன நடக்கிறது என்று திரையில் சொல்லிக்கொண்டே போகும். டபிள்யூ இருந்தால் பென்டிரைவைச் சொருகும்வரை நின்று காத்திருக்கும். இது விண்டோஸ் இல்லை, நினைத்தபோது சொருகினால் தெரியாது. ஆன் ஆகி முடிவதற்குள் அது உள்ளே இருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு சிக்கல். டிரைவர்கள் மெமரியில் உட்கார்ந்ததும் கணக்கு புரோகிராம் இடம் பற்றவில்லை என்று நின்றுவிட்டது. 640 கே.பி.க்குள் எல்லாரும் குடியிருக்க வேண்டும் அல்லவா. அதற்கு ஃப்ரீடாஸிலேயே வழி இருக்கிறது. எஃப்டிகான்ஃபிக்கில் மெனு போட்டு, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு எண்ணும் கேள்விக்குறியும் வைத்தால், நாம் தேர்ந்தெடுத்த எண்ணின் வரிகள் மட்டும் ஓடும். இப்போது ஆன் செய்தால் 1 கணக்கு, 2 பென்டிரைவ் என்று கேட்கிறது. பகலெல்லாம் 1. சாயங்காலம் அரவை நின்ற பிறகு 2.

பென்டிரைவிலும் எல்லாம் சேராது. நீ பொங்கலுக்குக் கொடுத்த 64 ஜி.பி. இதற்கு ஆகவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அந்த அளவில் வருகிறவை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் ஆகி வருகின்றன, ஃப்ரீடாஸுக்கு அது தெரியாது. ஃபேட்32 தெரியும். பழைய மைக்ரோசாஃப்ட் டாஸாக இருந்திருந்தால் ஃபேட்32-ம் தெரியாது, 2 ஜி.பி.க்கு மேல் ஒரு பகுதி இருக்கவும் முடியாது. டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையும் பழைய எம்பிஆர் முறையில் இருக்க வேண்டும், புதிய ஜிபிடி முறை என்றால் உதவாது. அப்பாவின் பழைய 4 ஜி.பி. ஒன்று மேஜை டிராயரில் சாவிக்கொத்தோடு கிடந்தது. அதை ஃபேட்32-ல் ஃபார்மேட் செய்தேன், வேலை செய்கிறது.

போர்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்பக்க போர்ட்டைத் தொடாதே. ஜன்னல் வழியாக வந்த உமித்தூசு அதற்குள் கெட்டியாக இறுகிப்போய், பென்டிரைவ் பாதியில் நிற்கிறது. பின்பக்கம் இரண்டு இருக்கிறது. பெயின்ட் பிரஷ்ஷால், கரண்டை அணைத்துவிட்டு, மெதுவாகத் தட்டிவிட்டுத்தான் சொருகுகிறேன். வேகம் குறைவு, பழைய யூஎஸ்பி 1.1, நொடிக்கு 12 மெகாபிட்தான். ஆனால் நம் ஒரு வருஷக் கணக்கே ஒரு போட்டோ அளவுகூட வராது. டீ ஆற்றுவதற்குள் முடிந்துவிடுகிறது.

நான் இல்லாத நேரத்தில் நீ எடுக்க வேண்டியிருந்தால் இதைப் பார்த்துக்கொள். கணக்கு ஃபோல்டரில் டிபிஎஃப் என்று முடிகிறவை எல்லாம் வேண்டும். டிபிடி என்று முடிகிறவை இருந்தால் அவையும் கூடவே வர வேண்டும், நான் அடித்த குறிப்புகள் அதற்குள்தான் இருக்கின்றன. என்டிஎக்ஸ் வெறும் இண்டெக்ஸ், விட்டுவிடு. காப்பி ஆனதும் எஃப்சி கட்டளை கொடுத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார். வித்தியாசம் இல்லை என்று வந்த பிறகு, விளக்கு சிமிட்டுவது நின்றதும் பென்டிரைவை எடுக்கலாம். "பத்திரமாக வெளியேற்று" என்றெல்லாம் இங்கே கிடையாது. பெயர் எட்டு எழுத்துக்குள், பின்னால் மூன்று எழுத்து, இங்கிலீஷில்தான். நீ லேப்டாப்பில் தமிழில் நீளமாகப் பெயர் வைத்து அனுப்பினால், இங்கே எது குறுவை எது தாளடி என்று எனக்குத் தெரியாமல் போய்விடும்.

டிபிஎஃப் ஃபைலை லிப்ரே ஆபீஸ் கால்க் நேரடியாகத் திறக்கிறது. திறந்து பார், படி, உன் புதுக் கணக்குக்கு எடுத்துக்கொள். ஆனால் அதை அங்கேயே சேமித்துத் திரும்ப மில் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவராதே. ஒரு நெடுவரிசையின் அகலம் மாறினாலும் கிளிப்பர் ஒத்துக்கொள்ளாது. இந்தப் பென்டிரைவ் மில்லிலிருந்து வெளியே போக மட்டும்தான்.

இன்னொன்று, இதை நீ கவனிக்கவே மாட்டாய் என்பதால் சொல்கிறேன். இந்த வகை ஃபைலில் ஒரு வரியை அழித்தால் அது போய்விடாது. வரியின் முதல் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். பேக் என்று ஒரு கட்டளை கொடுத்தால்தான் நிஜமாகப் போகும். நம் புரோகிராமில் பேக் செய்யும் வசதியே வைக்கவில்லை. அதனால் தீர்ந்த முன்பணம், ரத்து செய்த சீட்டு எல்லாம் இன்னும் அதற்குள் கிடக்கின்றன. நீ எடுத்துப் போட்டுக் கூட்டும்போது அவற்றையும் சேர்த்துக் கூட்டிவிட்டால், நெல் கொண்டுவந்து போட்டுக் கணக்குத் தீர்த்துப் போன மனுஷரிடம் மறுபடி பணம் கேட்டு நிற்போம். இந்த ஊரில் அப்படி ஒருமுறை கேட்டால் அடுத்த போகத்து நெல் வேறு மில்லுக்குப் போய்விடும். ஆகையால் மொத்தத்தை மில் திரையில் வருகிற மொத்தத்தோடு சரிபார்த்த பிறகுதான் எதையும் நம்ப வேண்டும்.

புது சாஃப்ட்வேரில் ஈரப்பதத்துக்கு ஒரு நெடுவரிசை வைக்கச் சொல். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்புகிற நெல்தான் மழை நாளில் நம் வாசலுக்கு வருகிறது. அதை எழுத நம் பழைய புரோகிராமில் இடமில்லாமல் நான் குறிப்பில் அடித்துக்கொண்டிருக்கிறேன். சாக்குக்குத் தனி நெடுவரிசை. தவிடும் நொய்யும் தனித்தனியாக. ரகம் எழுதும்போது பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிற மாதிரி இருக்கட்டும். ஏடிடி 43 என்று ஒருவர் அடிக்க, ஆடுதுறை 43 என்று இன்னொருவர் அடிக்க, ஒரே நெல் இரண்டு கணக்கில் நிற்கிறது.

குறுவை அறுப்பு முடியும்வரை இரண்டிலும் எழுதுகிறேன். அது முடிந்ததும் இரண்டு மொத்தமும் ஒத்துப்போனால் பழையதை நிறுத்திக்கொள்ளலாம். ஒத்துப்போகாவிட்டால் இன்னும் ஒரு போகம் ஓடட்டும்.

நீ வரும்போது 4 அல்லது 8 ஜி.பி.யில் பழைய பென்டிரைவ் இரண்டு கொண்டுவா, உன் ஆபீஸில் யாரிடமாவது சும்மா கிடக்கும். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 64 ஜி.பி.யை அப்பா பாட்டு ஏற்றி டிராக்டரில் போட்டுக்கொண்டுவிட்டார், அதைக் கேட்காதே.

அன்புடன்,
அம்மா