எண்ணுவதற்கு இழை இல்லாத துணி

நெய்யூர்

அன்புள்ள ஸ்டெல்லாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பதாக லில்லி சொன்னாள். உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாததற்கு நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்; அதற்கு முன் இந்தச் செய்தியைக் கேள். அம்மா மறுபடியும் ஊசி பிடித்துவிட்டாள்.

கை நடுக்கம் வந்த பின் அவள் லேஸ் பின்னுகிற திண்டான லேஸ் தலையணையை அலமாரியின் மேல் ஏற்றி வைத்ததும், அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்ததும் உனக்குத் தெரிந்ததுதான். இடவப்பாதி மழையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஒரு மாலையில், பேத்தியின் பள்ளிக் கைவேலைக்கு வாங்கியதில் மிஞ்சிய ஃபெல்ட் துணியை மடியில் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவள், 'இதில் இழையே இல்லையே' என்றாள். பிறகு சிவப்பு நூல் கேட்டாள். அன்றிலிருந்து எனக்கும் அதே வேலைதான்.

அம்மா சொன்னது முழு உண்மை. ஆட்டு உரோமத்தை ஈரமும் சூடும் சோப்பும் சேர்த்துக் கசக்கி அழுத்தும்போது, ஒவ்வொரு மயிரின் மேலும் இருக்கிற நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கெட்டிப்படுவதால் கிடைப்பதே உண்மையான ஃபெல்ட். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது பாலியஸ்டர் இழைகளை முள்ளுள்ள ஊசிகளால் குத்திக் குத்திச் சிக்கவைத்தது. எதுவானாலும் அதில் ஊடும் கிடையாது, பாவும் கிடையாது. ஆகவே வெட்டிய ஓரம் பிரியாது, மடித்து அடிக்கவும் வேண்டாம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. தையல் வகுப்பில் நாம் இழை எண்ணி எண்ணிக் கண் நோகத் தைத்தோமே, அந்த எண்ணிக்கைக்கே இந்தத் துணியில் இடமில்லை. ஊசி எங்கே இறங்கினாலும் அது சரியான இடம்தான். தையல் கொஞ்சம் கோணினால் துணியின் தடிப்பு அதைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. கம்பளி ஃபெல்ட் என்றால், பிரித்தெடுத்த இடத்தை நகத்தால் நீவிவிட்டால் ஊசித்துளையும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

இழை எண்ணுகிற கணக்கை நான் குறைத்துப் பேசவில்லை, ஸ்டெல்லா. மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் 1820-களில் நாகர்கோவில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தபோது, அடிமைப்பட்டிருந்த பெண்களில் சிலர் அந்தக் கூலியைக் கொண்டே தங்களை மீட்டுக்கொண்டார்கள். நூல் சுற்றிய குச்சியான பாபின் ஒன்று தவறான பக்கம் கடந்தாலும் கோலம் முழுவதும் காட்டிக்கொடுத்துவிடுகிற வேலை அது. பிழையில்லாத முழத்துக்குத்தான் காசு. அந்தக் கண்டிப்பு தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்து அம்மாவின் விரல்களில் குடியிருந்தது. அதனால்தான் நடுக்கம் வந்ததும், இனித் தன் கையால் எதற்கும் ஆகாது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அந்த முடிவுதான் நோயைவிட அவளை அதிகமாகத் தின்றது. நான் பக்கத்திலேயே இருந்தும் எனக்கு அது இப்போதுதான் புரிகிறது.

இப்போது அவள் தைப்பதைப் பார்க்க வேண்டும் நீ. நூல் லச்சியின் 6 இழைகளில் மூன்றைப் பிரித்துக் கோத்துக் கொடுத்துவிட்டால் போதும். இடது கட்டைவிரலைத் துணியின் ஓரத்தில் ஊன்றி, அந்த விரலின் அகலத்தையே அளவாகக் கொண்டு ஓரத்தைச் சுற்றிப் பிடிக்கிற பிளாங்கெட் தையல் போடுகிறாள். ஒரு தையல் கால் நீண்டும் அடுத்தது குட்டையாகவும் விழுகிறது. பூவின் நடுவில் நூலை ஊசியில் சுற்றிப் போடுகிற பிரெஞ்சு முடிச்சுகளைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சுட்டுவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறாள். பார்வை மங்கியவளுக்கு அந்தப் புடைப்பு எவ்வளவு உதவி! நடுக்கம் நிற்கவில்லை, அதை நான் மிகைப்படுத்த மாட்டேன். ஆனால் தைக்கிற நேரத்தில் அவள் அதைக் கவனிப்பதில்லை. இரவு மாத்திரை கேட்காமலே தூங்கிவிடுகிற நாட்களும் உண்டு.

பூக்களுக்கான வடிவங்களைப் பத்மநாபபுரம் அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்திலிருந்து எடுக்கிறோம். அந்த மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. பள்ளியிலிருந்து கூட்டிப்போனபோது நீ அண்ணாந்து பார்த்தே கழுத்துப் பிடித்துக்கொண்டு அழுதாயே, அதே கூரைதான். நான் மெல்லிய தாளில் வரைந்து ஃபெல்ட்டின் மேல் குத்திக் கொடுக்கிறேன். தாளோடு சேர்த்துத் தைத்த பின் அதைக் கிழித்தெடுத்துவிடலாம். கார்பன் தாளை நம்பாதே, இந்தத் துணியில் அது தெளிவாகப் பதியாது.

இவற்றை விற்கலாம் என்று வீட்டில் யோசனை சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. விலை வைத்த மறுநாளே அம்மா தையல் கால்களின் நீளத்தை அளக்க ஆரம்பித்துவிடுவாள். அவள் உழைத்துச் சம்பாதித்தது போதும். இது அவளுக்கே இருக்கட்டும்.

நீ போன கடிதத்தில் இரவெல்லாம் விழித்துக் கிடப்பதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து என் மனம் சரியில்லை. மருத்துவரைப் பார், அதைத் தள்ளிப்போடாதே. அதோடு, செல்பேசியில் பிறர் போடுகிற பிசிறில்லாத பூவேலைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு உள்ளங்கை அளவு ஃபெல்ட்டை எடுத்து உட்கார். கம்பளியாகப் பார்த்து வாங்கு. அக்ரிலிக் சீக்கிரம் உருண்டை உருண்டையாகப் பிசிறிவிடும், இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகவும் செய்யும். கம்பளியை வெந்நீரில் மட்டும் போடாதே, சுருங்கிவிடும். முதலில் காம்புத் தையலும் சங்கிலித் தையலும் போதும்.

லில்லி அடுத்த வாரம் அங்கே வருகிறாள். அவளிடம் இரண்டு கம்பளித் துண்டுகளும், தடித்த ஊசியும், அம்மா உனக்கென்று தைத்த சிவப்புப் பூவும் கொடுத்தனுப்புகிறேன். உன் ஊர்க் கடைகளில் நல்ல இலைப்பச்சை நூல் கிடைத்தால் நாலைந்து லச்சி அவளிடமே கொடுத்துவிடு. இங்கே கிடைப்பதெல்லாம் கிளிப்பச்சையாக இருக்கிறது என்று அம்மா குறைப்படுகிறாள்.

அன்புடன்,
மேரி